சாமியைத் தொடாதே

எங்கள் வீட்டில் அப்பாவை அப்பா என்று கூப்பிடாத ஒரு காலம் இருந்தது. நானும் சாமி என்றேன், அம்மாவும் சாமி என்றாள், பால்காரரும் சாமி என்றார். லோடு பிடித்துக்கொடுக்கிற கமிஷன் கடைக்காரர்கூட, "சாமி, நாளைக்கு நரிக்குடிப் பக்கம் ஒரு லோடு கெடக்கு, ஏத்திட்டு வந்துருங்க சாமி" என்றுதான் போனில் பேசினார்.

இதைத் தம்பியிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை. அவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். போனில் ஓர் ஆள் மூச்சை இழு, மூச்சை விடு என்று சொல்லச் சொல்ல, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். போன பொங்கலுக்கு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அக்கா, நம்ம அப்பா ஒரு காலத்துல சாமியாரா இருந்தாராமே, நெசமா?" என்று கேட்டான். அப்பா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். அம்மா ஊற்றினாள். நான் மட்டும் தண்ணீர் எடுக்கப் போகிறவள் மாதிரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். தண்ணீர்ச் சொம்பு என் இலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் கேட்டது அப்பாவைப் பற்றி. வெட்கம் என்னவோ எனக்குத்தான் வந்தது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். அங்கே மழையை நம்பி விதைத்தவர்களைவிட, யாரும் விதைக்காமலே முளைத்த சீமைக் கருவேலத்தை நம்பிப் பிழைத்தவர்கள்தான் அதிகம். கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, சாக்கில் கட்டி வைப்பார்கள். அதை அருப்புக்கோட்டைக்கு ஏற்றிக்கொண்டு போகிற லோடு வண்டி அப்பாவுடையது. காலையில் சிவப்பாகப் போவார், சாயங்காலம் கறுப்பாக வருவார். வருவது எந்த நேரம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் கரியை இறக்கிய பிறகு வண்டி நேராக வீட்டுக்கு வந்ததில்லை. நடுவில் ஒரு கடை இருந்தது.

குடித்தால் அப்பா அடிக்க மாட்டார். தெருவில் நின்றுகொண்டு அம்மாவின் அண்ணன் தம்பிகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி வம்புக்கு அழைப்பார். அவர்களில் ஒருவர்கூட எங்கள் ஊரில் இல்லை. தெருவே வாசலில் வந்து நின்று பார்க்கும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் அதே குரலில் என் மாமன்மார்களைக் கூப்பிடுவார்கள். நான் கேட்காத மாதிரி பென்சில் சீவிக்கொண்டிருப்பேன். ஒரு வருசத்தில் எத்தனை பென்சில் தீர்ந்தது என்று அம்மா திட்டியிருக்கிறாள்.

கார்த்திகை பிறந்தால் மட்டும் எங்களுக்கு விடிவு. அப்பா மலைக்கு மாலை போட்டுவிடுவார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமணி மாலை, அதில் ஒரு டாலர். கரி வண்டிக்காரனுக்குக் கறுப்பு வேட்டி தோதாகப் போயிற்று என்று ஊரில் கேலி செய்வார்கள். ஆனால் மாலை கழுத்தில் ஏறிய நிமிடத்திலிருந்து அப்பா வேறு ஆள். குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. எதிரே வருகிற லாரி ஒழுங்கில்லாமல் உரசிக்கொண்டு போனால், முன்பெல்லாம் அவனுடைய மூன்று தலைமுறையை இழுப்பவர், "பாத்துப் போங்க சாமி" என்பார். அம்மா அவருக்குத் தனியாகச் சமைப்பாள். அவர் தனியாகப் படுப்பார். அம்மா அவரைத் தொடக் கூடாது. இதெல்லாம் மாலை போடுகிற எல்லா வீட்டிலும் உள்ள முறைதான். தை பிறந்து, மலைக்குப் போய்விட்டு வந்ததும் பெற்ற தாயின் கையால் மாலையைக் கழற்றுவார்கள். அப்பாவுக்குத் தாய் இல்லை. தூக்கி வளர்த்தது மல்லாங்கிணற்றில் இருக்கிற அத்தைதான். ஒவ்வொரு வருசமும் அத்தை பஸ் ஏறி வந்து, தேங்காய் உடைத்து, தன் கையால் தம்பியின் மாலையைக் கழற்றிவிட்டுப் போவாள். அத்தை ஊர் போய்ச் சேர்வதற்குள் அப்பா கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

அந்த வருசம் மட்டும் ஒரு புதுசு நடந்தது. மாலை போட்டிருந்த நாளில், கூட மாலை போட்ட ஒருவர் அப்பாவைப் பாளையம்பட்டியில் ஒரு தியான வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். உரக்கடை மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. அங்கே வகுப்பெடுத்தவர் உண்மையில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நல்லதாகத்தான் சொல்லியிருப்பார். அப்பா வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொன்னது இதுதான்:

"ஆன்மிகம்னா பஸ்ஸு மாதிரி. மொதப் படி பிரம்மச்சரியம். ரெண்டாவது படி தியானம். இந்த ரெண்டு படியில காலை வச்சு ஏறிட்டோம்னா, அதுக்கு மேல சீட்டு தன்னால கெடைக்கும்."

எனக்குப் பிரம்மச்சரியம் என்றால் என்னவென்று தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். அம்மா, "அம்மாவத் தொடாம இருக்குறது" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இவ்வளவுதானா, இது எளிதான படி ஆயிற்றே என்று நான் நினைத்தேன்.

தை மாதம் அத்தை வழக்கம்போலத் தேங்காயோடு வந்து இறங்கினாள். அப்பா மலையிலிருந்து வந்து குளித்துவிட்டு நின்றார். அத்தை மாலையில் கை வைத்தபோது அப்பா அவள் கையை மெதுவாக விலக்கினார்.

"இருக்கட்டும்க்கா."

"என்னடா இருக்கட்டும்?"

"மாலை இருக்கட்டும். இது கெடக்குற வரைக்கும்தான்க்கா நான் மனுசன்."

அத்தை அழுதுவிட்டாள். பெருமையில் அழுத அழுகை அது. தம்பியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் கிடையாது. அதையும் சொல்லியாக வேண்டும். விடிகாலையில் அப்பா அலசிக் காயவைத்த ஒரு கரிச்சாக்கை விரித்து, வண்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காருவார். நானும் பக்கத்தில் உட்காருவேன். என்ன தெரியுது சாமி என்று கேட்டால், கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "மொதல்ல கரி தெரியுது. அப்புறம் ரோடு தெரியுது. கொஞ்ச நேரம் போனா ஒண்ணும் தெரியல. அந்த ஒண்ணும் தெரியலங்குறதுதான் பாப்பா வேணும்." எனக்குக் கண்ணை மூடினால் இட்லி தெரியும். ஆனாலும் உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் என் மாமன்மார்களின் பேரை யாரும் கூப்பிடவில்லை. பென்சில் நீளமாகவே இருந்தது.

இந்த நல்ல காலம் முழுவதும் அந்த மாலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாலை இறங்கினால் அப்பா கடைக்குப் போவார். ஆகவே மாலையைக் காப்பாற்றுகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. விரதம் அப்பாவுடையது, காவல் என்னுடையது. அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கொடுக்கும்போது விரல் பட்டுவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் போனால் போதும், "அம்மா, சாமியத் தொடாத!" என்று கத்துவேன். அப்பா வண்டியின் பின்தொட்டியில் தார்ப்பாயை விரித்துப் படுப்பார். நான் வீட்டு வாசல் நிலையில் குறுக்காகப் படுத்துக்கொள்வேன். அம்மா எழுந்து வெளியே போக வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். "எங்க போற?" என்று கேட்பேன். பெற்ற தாயைக் கேட்பேன். ஒன்பது வயதில்.

அம்மா என்னை ஒரு நாளும் அதற்காக அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "ஒனக்கென்ன, குடிகாரனக் கட்டிக்கிட்டு நாங்க படுற பாடு ஒனக்கு இல்ல" என்று சொன்னபோது மட்டும் அம்மா ஒன்று சொன்னாள். நான் பல் துலக்கிக்கொண்டே கேட்டேன்.

"குடிச்சிட்டு வந்தா ஏசலாம்க்கா. சாமிய எப்படி ஏசுறது?"

ஏச முடியாமல் போனதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குச் சண்டை போட ஆசையாக இருக்கிறது போல என்று நினைத்து, அவள்மேல் இன்னும் கொஞ்சம் சந்தேகத்தைக் கூட்டிக்கொண்டேன்.

ஊரில் அப்பாவின் மதிப்பு ஏறியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் வந்து திருநீறு பூசிக்கொண்டு போனார்கள். அழுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பா நெற்றியில் விரலை வைத்ததும் சில குழந்தைகள் அழுகையை நிறுத்தின, சில கூடுதலாக அழுதன. நிறுத்தியவற்றை மட்டும் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது. வருகிற ஆண்களிடம் அப்பா இரண்டு படியையும் எடுத்துச் சொல்வார். முதல் படியைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் பஸ்ஸே வேண்டாம் என்று போய்விடுவார்கள்.

சித்திரையில் ஒரு ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் மழை என்பது விருந்தாளி வருகிற மாதிரி. வந்தால் சொல்லாமல் வரும், வந்த சுருக்கில் போயும்விடும். அன்றைக்குத் தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்றோடு வந்து, போகாமல் நின்றது. அரைத் தூக்கத்தில் கண் விழித்தபோது அப்பா வீட்டுக்குள் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். அம்மா முந்தானையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். தொடாத என்று சொல்ல வாயெடுத்தேன். தூக்கம் இழுத்துக்கொண்டது. காலையில் பார்த்தால் நான் நிலையில் இல்லை, சுவரோரம் பாயில் கிடந்தேன். மழைச் சாரல் அடிக்கிறது என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மழைக்கு ஒதுங்குவதெல்லாம் விரதத்தில் சேருமா? சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அதே சமயம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் முடிவு செய்தேன்.

அந்த மழைக்குப் பிறகு அப்பா இன்னும் அதிக நேரம் தியானத்தில் உட்கார்ந்தார். திருநீறு கொடுக்கும்போது யாருடைய கண்ணையும் பார்ப்பதில்லை, தலையைக் குனிந்துகொண்டே கொடுத்தார். பாளையம்பட்டி வகுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஞானம் முற்றிவிட்டது, இனி வகுப்பு தேவையில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் அத்தை பேரனுக்குக் காதுகுத்து. அத்தை பிறந்த வீட்டுச் சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்ததால், திருச்சுழியைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலில் வைத்திருந்தார்கள். கருவேலத்தை வெட்டி இடம் பண்ணி, பந்தல் போட்டு, ஒரு பக்கம் கிடா வெட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். அத்தையின் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மாவின் தம்பியும் வந்திருந்தார். அத்தைக்கு அன்று அவள் பேரனைவிடத் தம்பிதான் பெருமை. "எந்தம்பி கையால திருநீறு வாங்கிட்டுப் பெறகு பந்திக்குப் போங்க" என்று வந்தவர்களையெல்லாம் அப்பாவிடம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்பா சாமி முன்னால் தட்டை வைத்துக்கொண்டு நின்றார். தட்டில் திருநீறும் எரிகிற சூடமும் இருந்தன. நான் பக்கத்தில் நின்று சூடம் தீரத் தீரப் புதுசு எடுத்துக் கொடுத்தேன். அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்கு வேறு தெரியாது.

குழம்பு கொதித்து வாசம் கிளம்பியது. பந்தலில் உட்கார்ந்திருந்த அம்மா திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். ஒரு கருவேலத்தின் மறைவில் குனிந்து நின்றாள். அத்தை பின்னாலேயே போனாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். திரும்பி வரும்போது அத்தையின் முகம் மாறிப்போயிருந்தது.

"எத்தன மாசம்?" என்று பந்தலுக்குள் வந்து நின்று கேட்டாள்.

"நாலு, மதினி." அம்மாவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நாலு மாசமா? எந்தம்பி மாலை போட்டு இது பத்தாவது மாசமாச்சே!"

அத்தை கெட்டவள் இல்லை. அதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். பெருமையெல்லாம் ஒரே நொடியில் கையைவிட்டுப் போனதில் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஆனால் பந்தல் முழுவதும் கேட்டுவிட்டது. எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆண்களில் ஒருவர், "சாமி மொதப் படியிலேயே வழுக்கிட்டாரு போல" என்றார். ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அத்தோடு முடிந்திருக்கும். ஒருநாள் கேலி, ஒரு மாதத்துப் பேச்சு, பிறகு மறந்திருப்பார்கள். அப்பாவும் தலையைச் சொரிந்துகொண்டு நின்றிருப்பார். அதை முடிய விடாதவள் நான்தான்.

எனக்கு நாலு மாசமும் தெரியாது, பத்து மாசமும் தெரியாது. அப்பா விரதம் தவறிவிட்டார் என்று சொல்கிறார்கள், மாலையைக் கழற்றச் சொல்லப்போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. கழற்றினால் கடை, தெரு, மாமன்மார்களின் பேர், பள்ளிக்கூடம். நான் முன்னால் போய் நின்று கத்தினேன்.

"பொய்! எங்க சாமி ஒண்ணும் தப்புப் பண்ணல. அவுக வண்டியிலதான் படுப்பாக. நான் நெலையில குறுக்கப் படுத்திருப்பேன். ஒருநாள்கூட அவுக உள்ள வந்ததில்ல!"

சிரிப்பு நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்னும் உறுதியாக்க வேண்டும் என்று தோன்றியது. பெரியவர்கள் வழக்கில் செய்கிற மாதிரி, அப்பாவின் தட்டில் எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். "சத்தியம்!" என்றேன்.

எங்கள் குலசாமி முன்னால் சூடத்தை அணைத்துச் சொன்ன வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது. நிலத்தகராறே அதோடு முடிந்துவிடும். கை எரிந்தது. மழை ராத்திரி எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. துவட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை, அப்பாவின் நனைந்த தலை, எல்லாம் வந்தது. மழைக்கு ஒதுங்கியதைச் சொன்னால்கூட மாலைக்குக் குறை வந்துவிடுமோ என்று பயந்து, அதை விட்டுவிட்டேன்.

இப்போது யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அத்தை, "அடிப் பாவி" என்றாள். என்னைச் சொல்கிறாளா, அம்மாவைச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. அப்பா குடித்தபோதெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாமா, அன்று கூப்பிடாமலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். நான் சாமிக்கு நல்லது செய்திருக்கும்போது இவள் எதற்காக இப்படி வெளுத்துப்போய் நிற்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இதை எழுதும்போது அந்த எரிச்சலை நினைத்துத்தான் அதிகம் கூசுகிறது. பொய்யைக்கூட ஒரு பயத்தில் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

அப்பா பேசாமல் நின்றார். கொஞ்ச நேரம்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படியே நின்றிருந்தால், ஊரில் அவர் எப்போதும் சாமிதான். சூடம் அணைத்த சத்தியம் அவர் பக்கம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை அம்மா மன்னித்துவிட்டாளா என்று இதுவரை நான் கேட்டதில்லை.

பிறகு அவர் என்னிடம் கையை நீட்டி, "இன்னொரு சூடம் குடு பாப்பா" என்றார். கொடுத்தேன். ஏற்றினார். அது நன்றாகப் பிடித்து எரியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கையால் அடித்து அணைத்தார்.

"புள்ள தெரியாமச் சொல்லிருச்சு. அந்தச் சத்தியம் செல்லாது. சித்திரையில மழை பேஞ்சுச்சுல்ல, அன்னைக்கு நான் உள்ள போனேன். அதுக்கு அப்புறமும் போனேன். அது எம்புள்ள. விரதத்தை விட்டுட்டு மாலையை மட்டும் போட்டுக்கிட்டு ஒங்களுக்கெல்லாம் திருநீறு குடுத்தேன் பாருங்க, அது என் தப்பு. அவளச் சொல்ல இங்க ஒருத்தருக்கும் வாயில்ல."

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாலையைக் கழற்ற வந்தாள். தாய் இடத்தில் இருக்கிறவள் அவள்தான், அதுதான் முறை. அப்பா, "நீ இரு அக்கா" என்று சொல்லிவிட்டு அம்மாவின் முன்னால் போய்த் தலையைக் குனிந்தார்.

"நீ கழட்டு."

அம்மா கையைத் தூக்கினாள். "அம்மா, சாமியத் தொடாத!" என்று நான் கத்தினேன். பழகிப்போன வாய். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், அம்மா மட்டும் பார்க்கவில்லை. பத்து மாதத் தாடியிலும் முடியிலும் மாலை சிக்கியிருந்தது. அவள் அவசரப்படாமல், ஒவ்வொரு மணியாகச் சிக்கெடுத்தாள். அப்பா குனிந்த தலையோடு நின்றார். மாலை கையில் வந்ததும் அதை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, அம்மா பந்தல் ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதாள். மாமா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், பந்தி பரிமாறப் போய்விட்டார்.

திரும்பும்போது நான் வண்டியின் முன்னால் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்துப் பின்தொட்டியில் உட்கார்ந்துகொண்டேன். முன்னால் அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அப்பாவின் கழுத்து வெறுமையாக இருந்ததைப் பின்கண்ணாடி வழியாகப் பார்க்கவே பிடிக்கவில்லை. எனக்கு அப்பாவை நினைத்து அவ்வளவு அவமானமாக இருந்தது. எல்லார் முன்னாலும் நான் அவரைக் காப்பாற்றிக் கொடுத்தேன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டாரே என்றுதான் அந்த வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்தாள், ஊதிவிட்டாள். அவள் அன்று என்னை இரண்டு சாத்துச் சாத்தியிருந்தால் இத்தனை வருசம் நான் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

சாயங்காலம் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவ்வளவுதான், கடைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். இருட்டுவதற்குள் வந்துவிட்டார். பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். சவரக்கடை சோப்பு வாசம் அடித்தது. தாடியை எடுத்திருந்தார். கன்னம் சின்னப் பையனுடையது மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவர் குடித்ததே இல்லை என்று சொல்ல ஆசைதான். இரண்டு மூன்று தடவை குடித்துவிட்டு வந்தார். அம்மா வாசலிலேயே நிற்க வைத்துத் தெருவுக்கே கேட்கும்படி ஏசினாள். அப்பா மாமன்மார்களைக் கூப்பிடாமல் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

காதுகுத்துக்கு மறுநாள் விடிகாலை கண் விழித்தபோது வாசலில் சாக்கு விரித்திருந்தது. மாலை இல்லாமல், கறுப்பு வேட்டி இல்லாமல், ஒரு பழைய கட்டம் போட்ட கைலியோடு அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முதல் படியில் கால் இல்லாத ஆள் இரண்டாவது படியில் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது. பக்கத்தில் போய் உட்காரவில்லை. நிலையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா டீ கொண்டுவந்தாள். டம்ளரைச் சாக்கு ஓரத்தில் வைத்தாள். பிறகு குனிந்து அப்பாவின் தோளில் கை வைத்தாள். என் வாய் திறந்துவிட்டது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஏங்க, டீ ஆறுது" என்றாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அப்பாவை அப்படிக் கூப்பிட்டாள். தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. அப்பா கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணோடு மெதுவாகச் சிரித்தார், கண்ணோரத்தில் ஈரம் இறங்கியது.

தியானம் கலைந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.